பழைய நாற்காலி, பீரோ, பட்டுப்புடவை: எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது, எதை விற்பது?

வீடு மாற்றும்போதோ, வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுக்கும்போதோதான் இந்தக் கேள்வி வரும். பின்னல் விட்டுப்போன பிரம்பு நாற்காலி, கதவு இறங்கிய ஷோகேஸ், காலடியில் துரு ஏறிய இரும்பு பீரோ, மடிப்பு மடிப்பாகக் கிழிந்த பட்டுப்புடவை எல்லாம் வாசலில் வந்து நிற்கும். ஆசாரியைக் கூப்பிட்டுப் பாலிஷ் போடலாம் என்பார் ஒருவர். வீட்டிலேயே பெயிண்ட் அடித்துவிடலாம் என்பார் இன்னொருவர். பிரித்து வேறு ஏதாவது செய்யலாம் என்று ஒரு யோசனை வரும். எதுவும் வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் முடித்து வைக்கப் பார்ப்பார்.

வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த நான்கு வழியும் திறந்தே இருக்கிறது. மரவேலை தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனிகளுக்குச் சரக்கு வரும் பேக்கிங் மரம் வெளியே விலைக்கு வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் துண்டு கிடைக்கிறது. குடியாத்தத்தில் லுங்கி, ஆரணியில் பட்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது, அப்புறம் 2019-ல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. ஆனாலும் கைவேலைக்குப் பொருள் தேடி அலையும் பாதை பழையபடி பாலாற்றை ஒட்டித்தான் போகிறது.

வழி நிறைய இருப்பதால்தான் குழப்பமும். செலவு எவ்வளவு, பார்க்க எப்படி இருக்கும் என்று எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் வேறொரு கேள்வியை முன்னால் வைப்பேன்: செய்ததை நாளைக்குத் திரும்ப எடுக்க முடியுமா? அரக்கு பாலிஷை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம். பிரம்புப் பின்னலை அறுத்துவிட்டு மறுபடி பின்னலாம். ஆனால் தேக்கு ரேகைக்குள் இறங்கிய எனாமல் பெயிண்டை முழுசாக எடுக்க ஒரு சுற்று மரத்தையே இழைக்க வேண்டியிருக்கும். ரம்பம் வைத்து அறுத்தால் அதோடு முடிந்தது. நல்ல பொருளுக்குத் திரும்பி வரக்கூடிய வழி, இழக்க ஒன்றுமில்லாத பொருளில் துணிச்சலான கைவேலை. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் முடிவு தானாகவே வந்துவிடும்.

அதற்கு முதலில் கையில் இருப்பது என்ன மரம் என்று தெரிய வேண்டும். முன்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டிராயரை உருவி அடிப்பக்கம் பாருங்கள், நாற்காலியைக் கவிழ்த்துக் காலின் அடியைப் பாருங்கள். அங்கே பாலிஷ் இருக்காது, மரம் மரமாக இருக்கும். எங்கள் பகுதி ஆசாரி ஒருவர் இதைச் செய்யும் விதம் அழகு. கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து உளியால் நகம் அளவுக்கு ஒரு சீவல் எடுப்பார், மூக்கிடம் கொண்டுபோவார். “மேல கருப்பா இருக்கறதப் பாத்து ஏமாறாதீங்கம்மா. உள்ள பாருங்க, தேன் கலரு. மோந்து பாருங்க, பழைய தோல் வாசன வருதா? அப்போ தேக்குதான்” என்றார். தேக்குச் சீவலில் பழந்தோல் மாதிரி ஒரு நெடி இருப்பது உண்மை. தோல் மண்டியைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு அதை அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை.

சன்மைக்கா ஒட்டின ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் திருகாணி போட்ட இடம் உதிர்ந்து நிற்கும், தண்ணீர் பட்ட ஓரம் உப்பியிருக்கும். ஊசி குத்தின மாதிரி ஓட்டையும் கீழே மாவு போல் தூளும் இருந்தால் மரம் உளுத்திருக்கிறது. மண் கோடு தெரிந்தால் கரையான். கரையான் ஏறிய சாமானை முதலில் வீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள், மற்ற யோசனையெல்லாம் அப்புறம்.

அடுத்தது மூட்டு. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஆடுகிறது என்பதாலேயே அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்து மூட்டுகள் பலவும் ஒரு கட்டையின் துளையில் இன்னொரு கட்டையின் ஒடுங்கிய முனையை, அதாவது கழுந்தை, செருகி, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் என்ற பசை போட்டு ஒட்டியவை. வச்சிரம் வெந்நீர் பட்டால் இளகும். அதனால் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு ஃபெவிகால் போட்டு, கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளும். சுரண்டாமல் மேலேயே ஃபெவிகால் ஊற்றினால் பிடிக்காது, மரத்தில் ஊற வேண்டிய பசை பழைய பசையின் மேல் சும்மா காய்ந்து நிற்கும். ஆணி அடிப்பதும் வேண்டாம். ஆணி கழுந்தைப் பிளந்துவிடும், அடுத்த முறை பிரிக்கவும் முடியாது.

மரம் நல்லது, மூட்டும் சரி என்றால் பாலிஷ்தான். அதிலும் இப்போது தேர்வு இருக்கிறது. கடையில் கேட்டால் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷைத்தான் முதலில் சொல்வார்கள். அது கெட்டியான பூச்சு, தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்கும், மினுமினுப்பும் நிறைய. டைனிங் டேபிளுக்கு அதையே போடுங்கள். ஆனால் ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டது தெரியாமல் சரிசெய்வது கடினம், பெரும்பாலும் முழுப் பலகையையும் தேய்க்க வேண்டிவரும். ஸ்பிரே அடிக்கத் தூசி இல்லாத இடமும் வேண்டும்.

அரக்கு பாலிஷ் வீட்டில் இருப்பவர்கள் கையாலேயே போடக்கூடியது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் செதில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். மரத்தை 120, அப்புறம் 180, கடைசியாக 320 நம்பர் உப்புத்தாளால் ரேகைப் போக்கிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, பஞ்சை வைத்துக் கட்டிய பருத்தித் துணிப் பொட்டலத்தால் மெல்லிசாக, கை நிற்காமல் இழுக்க வேண்டும். ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, காய்ந்ததும் அடுத்தது. நாலைந்து கை போன பிறகுதான் மரத்துக்குள்ளிருந்து அந்தச் சிவந்த நிறம் எழும்பும். சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், அது இதன் குறைதான். ஆனால் அந்த வளையத்தை அதே அரக்கை லேசாக இழுத்தே போக்கிவிடலாம், முன்பு பூசியதில் புதியது கரைந்து ஒன்றாகிவிடும். சூடு படாத அலமாரி, கட்டில் தலைமாடு, சாய்வு நாற்காலி, சாமி மாடம் இதற்கெல்லாம் நான் அரக்கைத்தான் சொல்வேன்.

லின்சீட் எண்ணெய் தேய்க்கிறவர்களும் உண்டு. மரத்துக்கு நல்லதுதான். ஆனால் எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம்மூர் வெயிலில் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துணியை விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

பிரம்பு நாற்காலி என்று வந்தால் நான் எந்தச் சமரசத்துக்கும் போகமாட்டேன், பிரம்பே பின்ன வேண்டும். பலகை அடித்து மேலே பஞ்சு மெத்தை தைப்பது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் பங்குனி, சித்திரையில் வேலூரில் மெத்தை நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார முடியாது. பிரம்புப் பின்னலில் கீழிருந்து காற்று வரும். பிளாஸ்டிக் வயர் பின்னலும் பரவாயில்லை, மழைக்கும் பயமில்லை. ஆனால் மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் நொறுங்கிப்போகும், வேர்வையும் ஒட்டும்.

முதலில் பின்னல் அறுந்திருக்கிறதா, வெறுமனே தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொய்வு மட்டும்தான் என்றால் காசு செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் பரப்பி, பிரம்பு நன்றாக ஈரம் குடித்ததும் நிழலில் காயவிட்டால் தானாக இறுகும். அறுந்திருந்தால் முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பப் பின்ன வேண்டும். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கும். ஒவ்வொரு துளையிலும் பழைய பிரம்பும் குச்சியும் அடைத்துக்கொண்டிருக்கும், ஆணியால் தள்ளிச் சுத்தம் செய்வதே பாதி வேலை. பிரம்பு நாரை அரைமணி நேரத்துக்குள் ஊறவைத்தால் போதும், அதிக நேரம் கிடந்தால் நிறம் மங்கும். வழவழப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். முன்னிருந்து பின்னுக்கு ஒரு வரிசை, இடமிருந்து வலத்துக்கு ஒரு வரிசை, மறுபடி முன்பின்னாக ஒன்று. நாலாவது வரிசையில்தான் பின்னலே தொடங்குகிறது, மேலும் கீழுமாக இழையை நுழைக்க வேண்டும். கடைசியில் மூலைவாட்டில் இரண்டு. அந்த இரண்டும் போனதும் சதுரக் கண்ணெல்லாம் எட்டு மூலைக் கண்ணாக மாறும். ஈரத்தில் ரொம்ப இழுத்துக் கட்டாதீர்கள், காயும்போது அது தானே இறுகும். மறுநாள் காலையில் விரலால் தட்டினால் தவில் தோல் மாதிரி ‘டம்’ என்று ஒலிக்கும்.

இதைப் பின்னித்தருபவர்களைத் தேடிக் கொடுப்பதும் நல்ல முடிவுதான். பார்வையற்றவர்கள் பலர் பல காலமாகச் செய்துவரும் தொழில் இது. விரல் நுனியால் துளையை எண்ணி அவர்கள் பின்னும் ஒழுங்கு கண்ணுள்ளவர்களுக்கே வாய்க்காது. கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

இனி பெயிண்ட். வீட்டில் பிள்ளைகள் ஆசைப்படுவது இதற்குத்தான், அதில் தப்பில்லை. எதன் மேல் அடிக்கிறோம் என்பதுதான் விஷயம். தேக்கு, ஈட்டி, வேங்கை, பலா இவற்றின் மேல் வேண்டாம். வேம்பு, மா போன்ற நாட்டு மரத்தில் செய்த ஸ்டூல், அடுப்படி அலமாரி, பிளைவுட் ஷோகேஸ் இவற்றுக்கு அடிக்கலாம், பார்க்கவும் நன்றாக வரும். சன்மைக்காவின் வழவழப்பு போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் பெயிண்ட். பிரைமரைத் தாண்டிப்போனால் நகம் பட்டாலே உரிந்து வரும். மரத்தூள் பலகை ஏற்கெனவே உப்பியிருந்தால் எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது. 2021 நவம்பரில் பாலாறு பெருகி வந்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளில் முதலில் வீணானது இந்தப் பலகைச் சாமான்கள்தான். மரக்கட்டில்கள் காய்ந்து நிமிர்ந்தன. உப்பிய பலகையில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பழைய தொட்டில், கட்டில், ஜன்னல் சட்டம் இவற்றை அப்படியே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் நிறைய இருக்கலாம். தேய்த்தால் தூளாகப் பறக்கும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது நேராக வாய்க்குத்தான் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கி, மாஸ்க் போட்டு, வெளியே வைத்து, ஈரத்தோடு தேய்த்துத் துடைத்தெடுங்கள். குழந்தை படுக்கும் தொட்டிலாக இருந்தால் ஆளை வைத்து முழுசாக எடுப்பதே மேல்.

இரும்பு பீரோவுக்கு அதிக யோசனை தேவையில்லை. தரை துடைக்கும் தண்ணீர் பட்டுப்பட்டுத் துரு கீழேதான் ஏறும். தகடு இன்னும் கெட்டியாக இருந்தால் கம்பி பிரஷால் சுரண்டி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே எனாமல். சுரண்டியதை ஒரு ராத்திரி விட்டால் மறுபடி துரு பூக்கும். டிங்கரிங் பட்டறையில் கொடுத்தால் ஸ்பிரே அடித்துத் தருவார்கள், பிரஷ் கோடு தெரியாது. பவுடர் கோட்டிங் எல்லாவற்றையும்விட உழைக்கும். ஆனால் கண்ணாடி, கைப்பிடி எல்லாம் கழற்றி, ஏறக்குறைய 180 டிகிரிச் சூட்டில் வேகவைக்கும் வேலை அது. ஒரு பீரோவுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அடித்தகடு ஓட்டை விழுந்திருந்தால் எடைக்குப் போட்டுவிடலாம்.

பிரித்து வேறொன்று செய்வது மூன்றாவது வழி. படத்தில் பார்த்தால் ஆசையைத் தூண்டுவது இதுதான், நிதானம் அதிகம் வேண்டியதும் இதற்குத்தான். வாலாஜா, ஆரணிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது கீல் இல்லாமல் மேலும் கீழும் நீட்டிய மரமுளையில், அதாவது குடுமியில், சுழலும் இரட்டைக் கதவு, தூண், உத்திரம் எல்லாம் மரக்கடைக்கு வருகின்றன. கதவைப் படுக்கவைத்து, மேலே கண்ணாடி போட்டு மேஜையாக்குகிறார்கள். குடுமியை அறுக்காமல், கதவில் துளை போடாமல், அடியில் தனிக் கால் வைத்துச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளைக்கு யாராவது ஒருவர் அதை மறுபடி கதவாக மாட்டலாம். அறுத்துக் குறுக்கியது அப்படித் திரும்பாது.

கால் மிதி தையல் மிஷினின் இரும்புக் கால்களை எடுத்து மேஜை செய்வதும் இப்போது பழக்கமாகிவிட்டது. மிஷின் நிஜமாகவே ஓடாது என்றால் சரி. பல வீடுகளில் மிஷினுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, தோல் பெல்ட் அறுந்து எண்ணெய் வற்றியிருக்கும், அவ்வளவுதான். பெல்ட் மாற்றி எண்ணெய் விட்டால் ஓடும். அந்த மிஷினே உங்கள் மற்ற எல்லாக் கைவேலைக்கும் கருவியாக இருக்கும்.

தைரியமாக வெட்டி ஒட்டிப் பழகப் பேக்கிங் மரம்தான் ஏற்றது. வெளிநாட்டிலிருந்து சரக்கை அடுக்கி வந்த மரத்தட்டில் (பேலட்) முத்திரை இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஹெச்.டி. (HT) என்று ஆங்கில எழுத்து இருந்தால் மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெயோ கெமிக்கலோ கொட்டின கறை இருந்தாலும் வேண்டாம். நல்ல தட்டாகப் பார்த்தெடுத்தால் செடி ஸ்டாண்ட், செருப்பு ரேக், பிள்ளைகள் புத்தக அலமாரி எல்லாம் செய்யலாம். கோணலாக வந்தாலும் நஷ்டம் சிறியது.

தோல் துண்டு நம் பக்கத்து வரம். வாங்கும்போது தடவிப் பாருங்கள். மெத்தென்று மடிகிற, குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் குஷன் உறைக்கும் ஸ்டூல் மேலுறைக்கும் ஆகும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய வகையைப் போல, மரப்பட்டைச் சாற்றில் பதமான தோல் விறைப்பாக நிற்கும். டிராயர் கைப்பிடி, பெட்டிப் பட்டை, சாய்வு நாற்காலிக் கைக்கு மேலுறை என்று இழுவிசை வேண்டிய இடத்துக்கு அதுதான். கிழிந்த கான்வாஸ் ஈசி சேருக்கு முழுத் தோல் போடுவதைவிட, கான்வாஸே மாற்றி, கட்டை உரசும் இரண்டு முனையில் மட்டும் தோல் பட்டை வைத்துத் தைத்தால் செலவும் குறையும், ஆயுளும் கூடும்.

துணியில் எனக்குத் தயக்கம் வருவது பட்டில் மட்டும்தான். பழைய பருத்திப் புடவை, கைத்தறி லுங்கி இவற்றை நாலைந்தாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் பிள்ளைக்கு விரிப்பு, மிச்சம் மிதியடி. யோசிக்கவே வேண்டாம். பட்டு அப்படியல்ல. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்புண்டு. அதை எடைக்கு வாங்கி உருக்குகிறவர்கள் தெருவிலேயே வருவார்கள். உடல் முழுக்க இற்றுப்போன புடவையென்றால் ஒன்றிரண்டு இடத்தில் விலை கேட்டுக் கொடுப்பதில் பாவமில்லை. மடிப்பில் மட்டும்தான் கிழிந்திருக்கிறது, முந்தி நன்றாக இருக்கிறது என்றால் முந்தியை எடுத்து மெல்லிய மல் துணி பின்னால் வைத்துத் தைத்துச் சட்டம் போட்டு மாட்டுங்கள். இல்லை பேத்திக்குப் பாவாடை. குஷன் உறை வேண்டாம், உரசி உரசி ஒரு வருஷத்தில் நார் நாராகப் போய்விடும்.

விற்பதும் கொடுப்பதும் தோற்றுப்போன வழி இல்லை. காட்பாடியில் விஐடி மாணவர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில் இருக்கிறார்கள். மடக்கு மேஜை, ஸ்டூல், இரும்புக் கட்டில் எல்லாவற்றுக்கும் கேட்பார் உண்டு. அந்தச் சாமான்களுக்கு அலங்காரம் தேவையில்லை, ஆடாமல் நின்றால் போதும். திருகாணியை இறுக்கி, துடைத்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் தேக்குச் சாமானை ‘பழசு’ என்று சொல்லி எடைக்கு நிற்பவரிடம் மட்டும் விற்காதீர்கள், முதலில் ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள். கரையான், மூட்டைப்பூச்சி உள்ளதை அடுத்த வீட்டுக்குத் தள்ளுவதும் நியாயமில்லை.

முடிவு எடுத்த பிறகு, எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதும் ஒரு தேர்வுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரக்கு போட்டால் காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். கத்திரி வெயிலில் ஸ்பிரிட் சட்டென்று பறந்து, இழுத்த கோடு கோடாக நிற்கும். தை பிறந்து பங்குனிவரை காலை வேளைதான் இந்த வேலைக்கு நல்ல காலம். டிராயர் இறுகுகிறது என்று மழைக்காலத்தில் இழைப்புளி எடுக்காதீர்கள். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது, அப்போது இழைத்தால் மாசியில் லொடலொடவென்று ஆடும். அதுவரை ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். வெயில் வந்து காய்ந்த பிறகும் இறுகினால், உரசிப் பளபளத்த இடத்தை மட்டும் இழைத்துக்கொள்ளலாம்.